பதினான்கு வயதுப் பையன்களிடமிருந்து தொடங்கியவர்: சாபி அலோன்சோவின் பாதை

2022 அக்டோபர் 5. ஜெர்மனியின் முதல் டிவிஷன் கால்பந்து லீகான பண்டஸ்லிகாவில் எட்டு ஆட்டங்கள் முடிந்திருந்தன. பாயர் லெவர்குசன் அவற்றில் ஒன்றில்தான் ஜெயித்திருந்தது. ஐந்து புள்ளிகள், 18 அணிகளில் 17ஆவது இடம். அன்றைக்கு கிளப் தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டு அவர் இடத்துக்குக் கூட்டி வந்தவர், அதுவரை எந்த நாட்டிலும் முதல் டிவிஷன் அணி ஒன்றை நடத்தியதே இல்லை. போதாக்குறைக்கு, அவர் கையில் இருந்த கடைசி அணி ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனிலிருந்து கீழே இறங்கியிருந்தது. பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்: சாபி அலோன்சோ.

பதினெட்டு மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 14 அன்று, 1904இல் தொடங்கிய அந்த கிளப் முதன்முறையாக ஜெர்மன் லீக் பட்டத்தை வென்றது. பட்டம் உறுதியானபோது இன்னும் ஐந்து ஆட்டங்கள் மீதியிருந்தன. தொடர்ந்து 11 ஆண்டுகள் கோப்பையை யாருக்கும் விடாத பயர்ன் மியூனிக், கடைசியில் மூன்றாம் இடத்துக்குப் போனது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர், அதனால் நல்ல பயிற்சியாளர் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் அந்தக் கணக்கு சரிவராது என்பதற்கு ஆந்த்ரேயா பிர்லோவே சாட்சி. அவரும் உலகக் கோப்பை வென்றவர். அவரும் நடுக்களத்தில் ஆழமாக நின்று நீளமான பாஸ்களால் ஆட்டத்தை நடத்தியவர். 2020 கோடையில் இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். பத்து நாள்கூட ஆகவில்லை, பெரிய அணியையே கையில் கொடுத்துவிட்டார்கள். தொடர்ந்து ஒன்பது பட்டம் வென்றிருந்த அணி அந்தப் பருவத்தில் நான்காம் இடத்தில் முடிந்தது. ஒரே ஆண்டில் வேலை போயிற்று. பிர்லோவிடம் ஆட்ட அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

அலோன்சோ பிறந்தது 1981 நவம்பர் 25, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள டொலோசாவில். அப்பா பெரிக்கோ அலோன்சோ, சான் செபாஸ்டியன் நகரத்து ரியல் சொசியேடாட் அணியில் 1981, 1982 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களும், பிறகு பார்சிலோனாவில் 1985இல் இன்னொன்றும் வென்ற நடுக்கள ஆட்டக்காரர். பின்னாளில் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆக, வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கால்பந்து இருந்தது. சிறு வயதில் சில ஆண்டுகள் பார்சிலோனாவில். அப்புறம் குடும்பம் சான் செபாஸ்டியன் திரும்பியது. அங்கே கொன்ச்சா கடற்கரை மணலில் அவரோடு பந்து உதைத்த சிறுவர்களில் ஒருவர் மிக்கேல் ஆர்டேட்டா. இருவரும் ஆடியது ஆன்டிகுவோகோ என்ற உள்ளூர் சிறுவர் கிளப்பில். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1999இல் ரியல் சொசியேடாட் அணிக்கு முதல் ஆட்டம். அடுத்த ஆண்டு, பக்கத்து ஊரான ஐபாருக்குக் கடனாக அனுப்பினார்கள். 2001 தொடக்கத்தில், அணி கீழே தத்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஜான் டோஷாக் அவரைத் திரும்ப அழைத்துக் கேப்டன் பட்டையைக் கட்டிவிட்டார். பத்தொன்பது வயது. அணி தப்பித்தது. இரண்டே பருவங்களில், 2002-03இல், அதே அணி ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டே புள்ளிகள் பின்தங்கி இரண்டாம் இடம் பிடித்தது.

அவருடைய ஆட்டக்காலத்தை வரிசையாகச் சொல்லப்போவதில்லை. லிவர்பூலில் 2004 முதல் 2009 வரை, ரியல் மாட்ரிட்டில் 2014 வரை, பயர்னில் 2017 வரை; ஸ்பெயினுக்கு 114 ஆட்டங்கள், 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ. அந்த 2012 யூரோவின் கால் இறுதியில் பிரான்சுக்கு எதிரான இரண்டு கோல்களையும் அவர்தான் போட்டார். நாட்டுக்காக அவருடைய நூறாவது ஆட்டம் அது. 2010 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங்கின் பூட்ஸ் நெஞ்சில் வந்து விழுந்த படத்தைப் பார்க்காத கால்பந்து ரசிகர் இருக்க மாட்டார்.

ஆனால் ஒரே ஒரு காட்சியை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதி. பாதி ஆட்டத்தில் மிலானுக்கு 3, லிவர்பூலுக்கு 0. இடைவேளைக்குப் பிறகு ஆறு நிமிடத்துக்குள் எல்லாம் தலைகீழாகிறது. ஜெரார்டு ஒன்று, ஸ்மைசர் ஒன்று, பிறகு 60ஆவது நிமிடத்தில் பெனால்டி. பந்தை வைத்தது அலோன்சோ. மிலான் கோல்கீப்பர் டிடா சரியான பக்கம் பாய்ந்து தடுத்துவிட்டார். ஆனால் பந்து வெளியே தெறித்து வந்த கணத்தில் அலோன்சோ அங்கே இருந்தார். வலது காலால் அடித்தது தடுக்கப்பட, இடது காலால் கூரை வலையில் அடித்தார். 3-3. தவறவிட்டோமே என்று தலையில் கை வைக்க அவருக்கு அரை நொடி இருந்தது. அதை அவர் செலவழிக்கவில்லை. அடுத்து பந்து எங்கே வரும் என்று யோசிக்கிற பழக்கம் அந்தக் காலுக்குள்ளேயே இருந்தது.

அவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் பேட்டியில் சொன்ன விஷயம் இங்கே முக்கியம். லிவர்பூல் கிளப்பின் ஆட்டமலரில் இளம் ஆட்டக்காரர்களிடம் உன் பலம் என்ன என்று கேட்பார்களாம். பையன்கள் டாக்லிங், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, என்று பதில் சொல்வார்களாம். அது அவருக்குப் புரியவே இல்லை. சறுக்கிப் பந்தைத் தட்டுவது கடைசி வழி. தேவைப்பட்டால் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதைக் கற்றுக்கொள்ளும் லட்சியமாக எப்படி வைக்க முடியும் என்பது அவர் வாதம். அதாவது சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றிருந்தால் சறுக்க வேண்டிய நிலைமையே வராது. என்னைப் பொறுத்தவரை, அலோன்சோ என்ற பயிற்சியாளரை விளக்க இந்த ஒரு பேட்டி போதும். அவர் தன் வாழ்க்கையையும் அப்படித்தான் நடத்தினார்: அவசரமாகச் சறுக்க வேண்டிய இடத்துக்கு வராமல் பார்த்துக்கொண்டார்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர்களையும் எண்ணிப் பாருங்கள். டோஷாக், பெனிடெஸ், மொரீன்யோ, ஆன்செலோட்டி, கார்டியோலா, தேசிய அணியில் அரகோனெஸ், டெல் போஸ்கே. ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாத பள்ளிகள். பெனிடெஸ் இடைவெளிகளை அளந்து மூடுகிறவர். மொரீன்யோவிடம் பந்து கிடைத்த நொடியில் முன்னால் பாய வேண்டும். பயர்னில் கார்டியோலா அவரைக் களத்தின் நடு அச்சாக வைத்தார். 2014 செப்டம்பரில் கோல்ன் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 200 தடவைக்கு மேல் பந்தைத் தொட்டார். முப்பத்திரண்டு வயதுக்காரர்! இத்தனை பேரிடம் பாடம் படித்தவர் 2017இல் பூட்ஸைக் கழற்றியபோது, எந்தப் பெரிய கிளப்பும் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கும்.

அவர் போனது ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு. 2018-19இல் ஒரு பருவம் முழுக்க அந்தப் பையன்களோடு இருந்தார். தொலைக்காட்சி கிடையாது, அட்டவணையை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பதினான்கு வயதுப் பையனிடம் நீ இங்கே நில் என்று சொன்னால் போதாது. ஏன் என்று சொல்ல வேண்டும், அதுவும் அவனுக்குப் புரிகிற மாதிரி. உடம்பில் ஊறிப்போன ஒன்றை வார்த்தையாக்குவதுதான் பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறும் இடம். பிர்லோவுக்குக் கிடைக்காமல் போனது இந்தப் பருவம்தான் என்று நான் நினைக்கிறேன்.

அங்கிருந்து 2019இல் சொந்த ஊருக்கு, ரியல் சொசியேடாட்டின் பி அணிக்கு. ஊரில் அதை சான்சே என்று சொல்வார்கள். பி அணி நடத்துவது ஒரு விசித்திரமான வேலை. நன்றாக ஆடுகிறவனை மேலே உள்ள அணி எடுத்துக்கொண்டே இருக்கும். மிச்சமிருப்பவர்களை வைத்து ஜெயிக்கவும் வேண்டும், வளர்க்கவும் வேண்டும். அங்கே அவர் கையில் வளர்ந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் சுபிமெண்டி. 2021இல் சான்சே இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது, ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்குப் பிறகு. அதே வசந்த காலத்தில் ஜெர்மனியின் முன்சென்கிளாட்பாக் அவரை எடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அவரோ சான்சேயோடு ஒப்பந்தத்தை நீட்டினார். அடுத்த பருவம் அணி கீழே இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் தோல்வி. ஆனால் வாராவாரம் பெரியவர்களின் அணிகளிடம் தன் பையன்கள் அடிபடுவதைப் பார்த்து, திங்கட்கிழமை மறுபடி தொடங்குவது என்றால் என்ன என்பதை அவர் யாரும் கவனிக்காத இடத்திலேயே படித்து முடித்துவிட்டார்.

இனி லெவர்குசன். அந்த ஊரின் வலி தெரியாமல் நடந்ததன் அளவு புரியாது. பாயர் மருந்து நிறுவனத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் அது. 1988இல் ஒரு யூஈஎஃப்ஏ கோப்பை, 1993இல் ஒரு ஜெர்மன் கோப்பை, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டு கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும் என்ற நிலையில், உன்டர்ஹாக்கிங் என்ற சின்ன அணியிடம் 0-2 தோற்றது. முதல் கோல், மிக்கேல் பல்லாக் சொந்த வலைக்குள் அடித்தது. 2002இல் இன்னும் கொடுமை. மூன்று ஆட்டம் மீதியிருக்க ஐந்து புள்ளி முன்னிலையை இழந்தார்கள். ஜெர்மன் கோப்பை இறுதியில் தோற்றார்கள். கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பந்து தரையில் படும் முன்பே ஜிடான் இடது காலால் அடித்த அந்த வாலியில் தோற்றார்கள். வீசகுசன் என்று ஒரு கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. எப்போதும் இரண்டாம் இடம் என்று பொருள். இருபது ஆண்டுகள் அந்தப் பெயரைச் சுமந்த ஊர் அது.

அலோன்சோ வந்ததும் மாயமெல்லாம் நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஷால்கேயை 4-0 என்று வென்ற முதல் ஆட்டத்தை மட்டும் சொல்வார்கள். அடுத்த வாரமே போர்ட்டோவிடம் 0-3, பிறகு ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் 1-5. இன்னொரு கிளப்பாக இருந்தால் கிறிஸ்துமஸுக்குள் கதை முடிந்திருக்கும். விளையாட்டு இயக்குநர் சிமோன் ரோல்ஃபெசும் தலைமை நிர்வாகி ஃபெர்னாண்டோ கார்ரோவும் அசையவில்லை. அலோன்சோ முதலில் செய்தது தடுப்பைச் சரிசெய்தது: பின்னால் மூன்று பேர், இருபுறமும் ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடுகிற விங் பேக்குகள், நடுவில் நெருக்கம். ஜனவரியில், முழங்கால் காயத்திலிருந்து ஃப்ளோரியான் விர்ட்ஸ் திரும்பினார். பருவம் ஆறாம் இடத்தில் முடிந்தது. யூரோப்பா லீக் அரை இறுதியில் தடுத்து நிறுத்தியது மொரீன்யோவின் ரோமா. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு கோல்.

2023 கோடையில் வாங்கிய ஆட்களைப் பார்த்தால்தான் அவர் மனதில் இருந்த படம் தெரியும். ஆர்சனலிலிருந்து கிரானிட் ஷாக்கா, முப்பது வயது. பென்ஃபிகாவிலிருந்து ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வந்த அலெஹாந்த்ரோ கிரிமால்டோ. யோனாஸ் ஹோஃப்மன், விக்டர் போனிஃபேஸ். பயர்னிடமிருந்து கடனாக யோசிப் ஸ்டானிசிச். விர்ட்சும் ஜெரெமி ஃப்ரிம்பாங்கும் ஏற்கெனவே இருந்தார்கள், வேகத்துக்குக் குறைவில்லை. குறைந்தது எப்போது வேகம் வேண்டாம் என்று சொல்கிற ஆள். ஷாக்கா அந்த ஆள். அலோன்சோ ஒரு காலத்தில் நின்ற அதே இடத்தில் நின்று, பந்தை வாங்கி, கொடுத்து, மறுபடி வாங்கி, எதிராளி ஒரு அடி முன்னால் வரும்வரை காத்திருந்தார்.

அந்த அணி ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஐந்து கெஜம், எட்டு கெஜம் என்று குட்டிக் குட்டிப் பாஸ்கள், இடது பக்கம் நாலைந்து பேர் குவிந்துகொண்டு. எதிரணி முழுவதும் அந்தப் பக்கம் இழுபட்டதும் ஒரே மாற்று, வலது ஓரத்தில் ஃப்ரிம்பாங் தனியாக. கயிறு திரிக்கிற மாதிரி ஆட்டத்தை முறுக்கி முறுக்கி, ஒரு கட்டத்தில் விட்டுவிடுவார்கள். 2024 பிப்ரவரி 10 அன்று பயர்னை 3-0 என்று தோற்கடித்தபோது முதல் கோல் போட்டது பயர்னிடமிருந்து வந்த ஸ்டானிசிச்தான். மூன்றாவது, கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் மேலே போயிருக்க, ஃப்ரிம்பாங் தூரத்திலிருந்தே காலி வலைக்குள் உருட்டியது.

அப்புறம் அந்தக் கடைசி நிமிட கோல்கள். ஆக்ஸ்பர்க்கில் 94ஆவது நிமிடம் பலாசியோஸ். லைப்சிக்கில் 91ஆவது நிமிடம் ஹின்காப்பியே. கராபாக்குக்கு எதிராக 93லும் 97லும் பாட்ரிக் ஷிக். டார்ட்மண்டில் 97ஆவது நிமிடம் ஸ்டானிசிச், ஸ்டுட்கார்ட்டுக்கு எதிராக 96ஆவது நிமிடம் ஆண்ட்ரிச், ரோமாவுக்கு எதிராக மறுபடி 97ஆவது நிமிடம் ஸ்டானிசிச். ரோமா ஆட்டத்தோடு 49 ஆட்டங்கள் தோல்வியின்றி. 1960களில் பென்ஃபிகா வைத்திருந்த 48 என்ற ஐரோப்பியச் சாதனை உடைந்தது.

அதிர்ஷ்டம் என்றார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம். இத்தனை முறை நடந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். நான் அந்த ஆட்டங்களில் திரும்பத் திரும்பக் கவனித்தது ஒன்று: 95ஆவது நிமிடத்திலும் அவர்கள் பந்தைக் கண்மண் தெரியாமல் பெட்டிக்குள் தூக்கிப் போடவில்லை. முதல் நிமிடத்தில் ஆடிய அதே பாஸ், அதே இடம். எதிரணி களைத்துப்போய் சறுக்கத் தொடங்கிய நேரத்தில் இவர்கள் நின்று ஆடினார்கள். டாக்லிங் பற்றி அவர் சொன்னது அந்தப் பேட்டிக் காகிதத்திலிருந்து எழுந்து களத்தில் நடந்தது போல இருந்தது.

ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரேமனை 5-0. போனிஃபேஸ் ஒன்று, ஷாக்கா ஒன்று, இரண்டாம் பாதியில் இறங்கிய விர்ட்ஸ் மூன்று. விர்ட்ஸின் மூன்றாவது கோல் விழுந்ததும் மக்கள் களத்துக்குள் கொட்டிவிட்டார்கள். முப்பதாயிரம் பேர் உட்காரும் சின்ன அரங்கம்; புல் தெரியவில்லை, சிவப்புப் புகையும் தலைகளும்தான் தெரிந்தன. 2000ஐயும் 2002ஐயும் தாங்கிய பெரியவர்கள் அந்தக் கூட்டத்தில் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. அந்த ஊருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

லீகில் 34 ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி. பண்டஸ்லிகாவில் தோல்வியே காணாமல் பருவத்தை முடித்த முதல் அணி. எல்லாப் போட்டிகளும் சேர்த்து 53 ஆட்டத்தில் ஒரே ஒரு தோல்வி. அந்த ஒன்று டப்ளினில், மே 22 அன்று, யூரோப்பா லீக் இறுதியில். அட்டலாண்டா 3-0, அடெமோலா லுக்மன் மூன்றும் போட்டார். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு நெருக்கிய அட்டலாண்டாவுக்கு அன்று அலோன்சோவிடம் பதில் இல்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. மூன்று நாள் கழித்து பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி. 17ஆவது நிமிடம் ஷாக்காவின் தூர அடி. பாதி ஆட்டத்துக்கு முன்பே கொசுனுவுக்குச் சிவப்பு அட்டை. பத்து பேராக நின்று 1-0 என்று முடித்தார்கள்.

அந்த வசந்தத்திலேயே இன்னொன்றும் நடந்தது. லிவர்பூலை விட்டுப் பயிற்சியாளர் கிளாப் போகிறார், பயர்னை விட்டுப் பயிற்சியாளர் டூகெல் போகிறார். இரண்டுமே அலோன்சோ ஆடிய கிளப்புகள், இரண்டுக்கும் அவர் பெயர் முதலில் அடிபட்டது. மார்ச் 29 அன்று, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அறிவித்தார். அடுத்த பருவம் பட்டம் இல்லை, இரண்டாம் இடம். மூன்றாம் டிவிஷன் பீலஃபெல்டிடம் கோப்பை அரை இறுதித் தோல்வியும் உண்டு. 2025 மே மாதம் விடைபெற்றார். அவரோடு விர்ட்ஸ், ஃப்ரிம்பாங், யோனதான் டா, ஷாக்கா என்று முதுகெலும்பே போயிற்று. அடுத்து வந்த எரிக் டென் ஹாக் இரண்டே லீக் ஆட்டங்களில் நீக்கப்பட்டார்.

ரியல் மாட்ரிட் கதை குறுகியது. 2025 ஜூனில் போனார், கிளப் உலகக் கோப்பை கையோடு தொடங்கிவிட்டது. பயிற்சிக்கென்று ஒரு முழுக் கோடைகூடக் கிடைக்கவில்லை. அரை இறுதியில் பிஎஸ்ஜியிடம் 0-4. ஆனாலும் புதிய பருவத்தின் முதல் 14 ஆட்டத்தில் 13 வெற்றி. அக்டோபர் 26 அன்று பார்சிலோனாவை 2-1 என்று வென்றார். அதே ஆட்டத்தில் 72ஆவது நிமிடம் மாற்றப்பட்ட வினீசியஸ் கோபத்தோடு நேரே உள்ளே நடந்துபோனார். ஜெயித்த நாளில் எல்லோரும் பேசியது அதைப் பற்றித்தான். நவம்பரில் டிராக்கள் குவிந்தன, டிசம்பரில் சொந்த மண்ணிலேயே தோல்விகள். 2026 ஜனவரி 11, ஜெட்டாவில் ஸ்பானிய சூப்பர் கோப்பை இறுதியில் பார்சிலோனாவிடம் 2-3. மறுநாள் பிரிவு அறிவிக்கப்பட்டது. அவரோடு ஆடிய ஆர்பெலோவா அந்த நாற்காலிக்கு வந்தார்.

மாட்ரிட்டில் தவறு எங்கே என்று கேட்டால், ஆட்டக்காரர்களின் கர்வம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு நடுக்களம்தான் கண்ணில் படுகிறது. டோனி குரோஸ் 2024இல் ஓய்வு பெற்றார். லூகா மோட்ரிச் 2025 கோடையில் மிலானுக்குப் போனார். லெவர்குசனில் ஷாக்கா செய்த வேலையைச் செய்ய, தன்னைப் போன்ற ஒருவர், அந்த அணியில் இல்லை. லெவர்குசனில் 1-5 தோற்ற வாரத்தில் கிடைத்த பொறுமையும் இல்லை. நெருங்கி நின்று, காத்திருந்து, முறுக்கி விடுகிற ஆட்டம் ஒரு அணியின் பழக்கமாக மாற மாதங்கள் பிடிக்கும், லெவர்குசனிலும் பிடித்தது.

சான்சேயில் அவர் கையில் வளர்ந்த சுபிமெண்டி 2025 கோடையில் ஆர்சனலுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர், கொன்ச்சா மணலில் அலோன்சோவோடு பந்து உதைத்த ஆர்டேட்டா. சுபிமெண்டியும் ஆன்டிகுவோகோ பையன்தான். முதல்முறை அவர் அந்தச் சட்டையில் ஆடியதைப் பார்த்தபோது, பந்து கால்களுக்கு வருவதற்கு முன்பே இரண்டு தோள்களுக்கும் மேலாக ஒரு பார்வை, அப்புறம் திறந்த உடம்போடு வாங்கி, ஒரே தொடுதலில் எதிர்ப்பக்கம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.